வேலையில் சேருமுன் ஒரு நிதி நிறுவனத்தின் உண்மையான வேலைச்சூழலைப் பேச்சிலேயே தெரிந்துகொள்வது எப்படி?

விடிவெள்ளி:

வணக்கம். முதலீட்டு வங்கி, ஈக்விட்டி ரிசர்ச் (பங்குகளை ஆராய்ந்து அறிக்கை எழுதும் வேலை), கம்பெனிகளின் நிதிப் பிரிவு என்று மூன்று பக்கமும் வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். லிங்க்டுஇன் வழியாகவும் கல்லூரி சீனியர்கள் வழியாகவும் அங்கே இருப்பவர்களிடம் இருபது, முப்பது நிமிடம் போனில் பேசுகிறேன். எல்லோரும் அன்பாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் "உங்கள் இடத்தில் வேலைச்சூழல் எப்படி, சொந்த வாழ்க்கைக்கு நேரம் கிடைக்கிறதா?" என்று கேட்டால் எங்கேயும் ஒரே பதில்: "வேலை அதிகம்தான், ஆனால் டீம் அருமை, நிறையக் கற்றுக்கொள்ளலாம்." போனை வைத்த பிறகு யோசித்தால் அந்த இடத்தைப் பற்றி எனக்குப் புதிதாக ஒன்றுமே தெரிந்திருக்காது.

உழைக்கப் பயமில்லை. அம்மாவின் உடல்நிலை காரணமாக வாரத்தில் இரண்டு மாலையாவது நான் வீட்டில் இருந்தாக வேண்டும். அதற்கு இடமில்லாத டீமில் சேர்ந்துவிட்டுச் சில மாதங்களில் விலகினால் எனக்கும் நஷ்டம், அவர்களுக்கும் நஷ்டம். எப்படிக் கேட்டால் உண்மை வெளியே வரும்? எதைக் கேட்கவே கூடாது?

தராசு:

முதலீட்டு வங்கியில் அனலிஸ்டாகச் சேர்ந்து அசோசியேட் வரை இருந்தேன். அங்கே பதவிகள் அனலிஸ்ட், அசோசியேட், வைஸ் பிரசிடென்ட், மேனேஜிங் டைரக்டர் என்ற வரிசையில் மேலே போகும். இப்போது ஒரு கம்பெனியின் டிரெஷரியில், அதாவது பணத்தை நிர்வகிக்கும் பிரிவில், இருக்கிறேன். இப்படிப் பேச வருகிறவர்களிடம் நிறையப் பேசியிருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் அபிப்பிராயம் கேட்கிறீர்கள். முன்பின் தெரியாத ஒருவரிடம் தன் மேலாளரைப் பற்றி யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இன்னொன்றும் உண்டு. வாரம் எண்பது மணி நேரம் வேலை செய்து பழகியவருக்கு எழுபது மணி நேரம் "பரவாயில்லை" ஆகிவிடும். அவர் மனதறிந்து பொய் சொல்வதில்லை, அவருடைய அளவுகோலே மாறிப்போயிருக்கிறது. அதனால் என்ன நினைக்கிறார் என்பதை விட்டுவிட்டு, என்ன நடந்தது என்று கேளுங்கள்.

"போன செவ்வாய்க்கிழமை உங்கள் நாள் எப்படிப் போனது? காலையிலிருந்து சொல்ல முடியுமா?" இதுதான் நான் எல்லோருக்கும் சொல்லும் முதல் கேள்வி. தன் வேலையை விவரிக்க யாருக்கும் தயக்கம் இருக்காது. சொல்லிக்கொண்டே வரும்போது "ராத்திரி பத்து மணிக்கு வைஸ் பிரசிடென்ட் கமெண்ட்ஸ் அனுப்பினார், அதை முடித்துவிட்டு..." என்று தானாகவே வந்துவிடும். மணி எத்தனை என்று நீங்கள் கேட்கவே வேண்டியதில்லை. அப்புறம் ஒரு துணைக்கேள்வி: "அது டீல் ஓடிக்கொண்டிருந்த நாளா, பிட்ச்புக் தயாரித்த நாளா?" டீல் என்பது ஒரு கம்பெனியை வாங்குவது, விற்பது போன்ற கையில் இருக்கும் வேலை. பிட்ச்புக் என்பது புது வேலையைப் பிடிக்க வாடிக்கையாளருக்குக் காட்டும் விளக்கத் தொகுப்பு.

இந்தத் துணைக்கேள்வியை விட்டுவிடாதீர்கள். டீல் நடக்கும்போது இரவு நீளுவதற்கு வெளியில் ஒரு காரணம் இருக்கும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் ஒப்பந்த வரைவைத் தாமதமாக அனுப்புவார்கள், ஏலத்துக்கான கெடு நெருங்கும், போர்டு கூட்டம் மறுநாள் காலையில் இருக்கும். பிட்ச்புக் அப்படியில்லை. வாடிக்கையாளரைச் சந்திக்கும் தேதி பெரும்பாலும் முன்பே தெரியும். ஆனாலும் அனலிஸ்ட் நள்ளிரவு வரை உட்கார்ந்திருக்கிறார் என்றால், மேலே இருப்பவர் வரைவைப் பகல் முழுவதும் திறக்காமல் வைத்திருந்து இரவு உணவுக்குப் பிறகு திருத்தி அனுப்புகிறார் என்று அர்த்தம். அல்லது யாருமே படிக்காத பின்னிணைப்புக்கு இன்னும் இருபது பக்கம் கேட்கிறார். மணிக்கணக்கு இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். கலாசாரம் என்று நாம் சொல்வது இரண்டாவது வகை இரவுகளில்தான் தெரியும்.

அடுத்து லீவு. "உங்கள் லீவுக் கொள்கை என்ன?" என்று கேட்காதீர்கள், அது ஹெச்ஆர் கையேட்டிலேயே இருக்கும். "கடைசியாக ஒரு வாரம் முழுசாக எப்போது லீவு எடுத்தீர்கள்? அப்போது உங்கள் வேலையை யார் பார்த்துக்கொண்டார்கள்?" என்று கேளுங்கள். "என்னோடு சேர்ந்த இன்னொரு அனலிஸ்ட்" என்று உடனே பதில் வந்தால் அந்த டீமில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. "லேப்டாப் கையிலேயே இருந்தது, சமாளித்துக்கொண்டேன்" என்று வந்தால், அப்படி ஏற்பாடு எதுவும் இல்லை.

மூன்றாவது, வேலையைப் பிரித்துக் கொடுப்பது யார் என்பது. முதலீட்டு வங்கிகளில் ஸ்டாஃபர் என்று ஒருவர் இருப்பார். யார் கையில் எவ்வளவு வேலை இருக்கிறது என்று பார்த்துப் புது வேலையை ஒதுக்குவது அவர் பொறுப்பு. சில டீம்களில் அவர் பேச்சுக்கு மதிப்பு இருக்கும். சில டீம்களில் மேனேஜிங் டைரக்டர் நேராக அனலிஸ்டைக் கூப்பிட்டு வேலையைக் கொடுத்துவிடுவார், ஸ்டாஃபருக்குப் பிறகுதான் தெரியவரும். "ஒரே நேரத்தில் இரண்டு பேர் அவசரம் என்று வேலை கொடுத்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் நீங்கள் பேசும் டீம் எந்த வகை என்று புரிந்துவிடும்.

கடைசியாக, நிறுவனத்தை மொத்தமாக எடைபோடாதீர்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பெரிய வங்கி ஒன்றில் ஒரே மாடியில் பல பானைகள் இருக்கும். ஒரு பிரிவில் கிடைத்த பதிலை வைத்துப் பக்கத்துப் பிரிவைப் பற்றி முடிவு செய்ய முடியாது.

கணக்குப்புலி:

தராசு சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். விடிவெள்ளி, உங்களுக்குத் தேவை குறைந்த மணிநேரமா, முன்கூட்டியே தெரியும் மணிநேரமா? நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இரண்டாவதுதான். நிதித்துறையில் இந்த இரண்டும் ஒன்றல்ல.

நான் ஆடிட்டில் இருந்துவிட்டு இப்போது ஒரு கம்பெனியில் பட்ஜெட், திட்டமிடல் பக்கம் இருக்கிறேன். ஆடிட்டில் கணக்காண்டு முடிந்த பிறகு வரும் மாதங்கள் கடுமையாக இருக்கும். டிசம்பரில் கணக்கை முடிக்கும் கம்பெனிகளைப் பார்க்கும் டீமுக்கு ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஓய்வு கிடைப்பது அரிது. ஆனால் அது எப்போது வரும் என்று வருடத் தொடக்கத்திலேயே தெரியும். கம்பெனி நிதிப் பிரிவில் மாதக் கணக்கு முடிக்கும் நாட்களும், காலாண்டு முடிவுகளும், பட்ஜெட் பருவமும் நெருக்கும், மற்ற மாலைகள் பெரும்பாலும் உங்களுடையவை. ஈக்விட்டி ரிசர்ச்சில் நாள் அதிகாலையிலேயே தொடங்கும், காலாண்டு முடிவுகள் வரிசையாக வெளியாகும் வாரங்களில் மூச்சுவிட நேரம் இருக்காது, ஆனால் அந்த வாரங்கள் எவை என்பது காலண்டரிலேயே இருக்கும். டிரேடிங்கில் சந்தை திறக்கும் முன்பே போக வேண்டும், சந்தை மூடிய பிறகு வேலை ஒரு கட்டத்தில் முடிந்துவிடும். டீல் வேலையில்தான் வியாழக்கிழமை மாலையை வியாழக்கிழமை மதியம் வரை உறுதி சொல்ல முடியாது.

எனவே "எவ்வளவு நேரம்" என்பதைவிட, "இந்த வாரக் கடைசி உங்களுக்கு எப்படி இருக்கும் என்று எந்த நாளில் தெரியவரும்?" என்பது உங்களுக்குப் பொருத்தமான கேள்வி.

நேர்வழி:

மன்னிக்கவும், நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ஆஃபர் கைக்கு வரும்வரை நேரத்தைப் பற்றியோ லீவைப் பற்றியோ வாயைத் திறக்க வேண்டாம் என்பதே என் கருத்து. நிதித்துறையில், குறிப்பாக முதலீட்டு வங்கியில், இந்த நெட்வொர்க்கிங் பேச்சுகள் சும்மா பேச்சல்ல. பேசி முடித்ததும் பலர் ஆளெடுக்கும் குழுவுக்கு ஒரு வரி எழுதி அனுப்புவார்கள், நானே அனுப்பியிருக்கிறேன். முதல் பேச்சிலேயே லீவைப் பற்றிக் கேட்டவர் என்று எழுதப்பட்டால், அதைக் கேட்ட காரணம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் அந்த வரியோடு அது போய்ச் சேராது. இது சரியென்று நான் சொல்லவில்லை. இருக்கும் நிலைமை இதுதான்.

தராசு:

நேர்வழி சொல்வதில் உண்மை இருக்கிறது, நானும் அந்த வரியைப் படித்திருக்கிறேன். அதனால்தான் செவ்வாய்க்கிழமைக் கேள்வியை முதலில் வைத்தேன். அது வேலையில் ஆர்வமுள்ளவர் கேட்கும் கேள்வியாகவே காதில் விழும். டீலா பிட்ச்சா என்பதும், வேலை எப்படி ஒதுக்கப்படுகிறது என்பதும் அப்படித்தான். உங்களைவிட ஒன்றிரண்டு வருடம் மட்டும் மூத்த அனலிஸ்டிடம் இவற்றைத் தாராளமாகக் கேட்கலாம். லீவுக் கேள்வியை மட்டும் ஆஃபர் வரும்வரை தள்ளிவையுங்கள், அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன்.

மேனேஜிங் டைரக்டரிடம் பேசக் கிடைத்தால் இவை எதையும் கேட்க வேண்டாம். அவர் நாளைப் பற்றி அவர் சொல்வதை வைத்து அனலிஸ்டின் நாளை ஊகிக்க முடியாது. அவரிடம், "உங்கள் டீமில் சமீபத்தில் பதவி உயர்வு பெற்றவர் யார், அவரிடம் உங்களுக்குப் பிடித்தது என்ன?" என்று கேளுங்கள். "எந்த நேரம் கூப்பிட்டாலும் எடுப்பார்" என்பது முதல் வார்த்தையாக வந்தால் அந்த டீமில் எதற்கு மதிப்பு என்று தெரிந்துவிடும். "அவர் போட்ட நிதிக் கணக்கு மாடலில் தப்பு கண்டுபிடிக்க முடியாது", "வாடிக்கையாளர் நேராக அவரையே தேடுகிறார்" என்று வந்தால் அது வேறு டீம்.

கடலோடி:

யாரும் இன்னும் சொல்லாததைச் சொல்கிறேன். உள்ளே இருப்பவர்களைவிட விலகியவர்களிடம் பேசுங்கள்.

இப்போது அந்த டீமில் இருப்பவர்கள், அதைத் தாக்குப்பிடித்தவர்கள். முடியாதவர்கள் ஏற்கெனவே போய்விட்டார்கள், அவர்களுடைய அனுபவம் உங்கள் காதுக்கு வரவே வராது. பல நிறுவனங்களில், தெரிந்தவரைச் சேர்த்துவிட்டால் ரெஃபரல் போனஸும் உண்டு. அதற்காக எல்லோரும் அளந்துவிடுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவர்கள் முழுக்க நடுநிலையில் இல்லை என்பதை மனதில் வையுங்கள்.

தேடுவது கடினமில்லை. அதே பிரிவில் இரண்டு, மூன்று வருடத்துக்கு முன் சேர்ந்த அனலிஸ்டுகளை லிங்க்டுஇன்னில் பாருங்கள். எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள், போனவர்கள் எப்போது, எங்கே போனார்கள்? இரண்டு வருடம் முடித்துப் பிரைவேட் ஈக்விட்டிக்கோ (கம்பெனிகளை வாங்கி விற்கும் முதலீட்டு நிறுவனங்கள்) மேற்படிப்புக்கோ போனால் அது அந்தத் தொழிலின் வழக்கமான பாதை, அதில் ஒன்றும் பொருள் தேட வேண்டாம். போனஸ் வந்த கையோடு விலகுவதும் வழக்கம்தான். ஆனால் போனஸுக்குச் சில மாதம் முன்பு, கைக்கு வர வேண்டிய பணத்தை விட்டுவிட்டுப் பலர் போயிருந்தால், அல்லது அதே வேலைக்கு அதே அளவு வங்கிக்கு மாறியிருந்தால், அந்த டீமில் ஏதோ சரியில்லை.

விலகியவரிடம் கேட்கும்போதும் "ஏன் விலகினீர்கள்?" என்று தொடங்காதீர்கள், தற்காப்புப் பேச்சுதான் வரும். "உங்கள் தம்பியோ தங்கையோ அதே டீமில் சேரப்போகிறார் என்றால் யாருக்குக் கீழே வேலை செய்யச் சொல்வீர்கள்?" என்று கேட்டால் ஒரு பெயரைச் சொல்வார். அந்தப் பெயரைச் சொன்ன விதத்திலிருந்தே, அவர் சொல்லாமல் விட்ட பெயர்களைப் பற்றியும் நிறையத் தெரியும்.

விடிவெள்ளி:

எல்லோருக்கும் நன்றி. இன்னொரு சந்தேகம். பேசிய ஓர் அனலிஸ்ட், "எங்களிடம் வார நேர வரம்பு இருக்கிறது, சனிக்கிழமை பாதுகாக்கப்பட்ட நாள்" என்று உறுதியாகச் சொன்னார். இப்படி விதி இருக்கும் இடம் என்றால் நிம்மதியாகப் போகலாமா?

எட்டாம்மாடி:

விதி இருப்பது நல்லது. ஆனால் விதியின் வரலாற்றைத் தெரிந்துகொண்டு கேளுங்கள்.

2013-இல் லண்டனில் ஒரு முதலீட்டு வங்கியின் இளம் இன்டர்ன் இறந்தது உலகம் முழுவதும் பேசப்பட்டது. அதே வருடம் கோல்ட்மேன் சாக்ஸ், இளநிலை ஊழியர்கள் வெள்ளி இரவு ஒன்பது மணியிலிருந்து ஞாயிறு காலை ஒன்பது மணி வரை அலுவலகத்தில் இருக்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தது. 2015-இல் இன்டர்ன்கள் இரவு முழுவதும் அலுவலகத்தில் தங்கக் கூடாது என்றும் சொன்னது. இவ்வளவுக்கும் பிறகு 2021-இல் அதே நிறுவனத்தின் முதலாண்டு அனலிஸ்டுகள் 13 பேர் தாங்களே எடுத்த ஒரு கருத்துக்கணிப்பு வெளியே கசிந்தது. வாரத்துக்குச் சராசரியாக 95 மணி நேர வேலை, இரவில் ஐந்து மணி நேரத் தூக்கம் என்று அதில் இருந்தது. 13 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான், நிறுவனம் முழுவதற்கும் அதைப் பொருத்திவிட முடியாது. ஆனால் விதி எழுதிய இடத்திலும் இப்படி ஒரு டீம் இருக்க முடிந்திருக்கிறது.

2024 ஆகஸ்டில், பேங்க் ஆஃப் அமெரிக்காவில் சில இளநிலை ஊழியர்களிடம் வேலைநேரத்தைக் குறைத்துப் பதியச் சொன்னதாக வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. அடுத்த மாதம் ஜேபி மார்கன், இளநிலை வங்கியாளர்களுக்குப் பெரும்பாலான நேரங்களில் வாரம் 80 மணி நேரம் என்று வரம்பு வைப்பதாகச் செய்தி வந்தது. அந்த "பெரும்பாலான நேரங்களில்" என்பதைக் கவனியுங்கள். டீல் நடக்கும்போது விலக்கு உண்டு. சட்டத்திலும் இப்படித்தான். பிரிட்டனில் வாரச் சராசரி 48 மணி நேரம் என்று வரம்பு இருக்கிறது, ஆனால் ஊழியர் கையெழுத்துப் போட்டு அதிலிருந்து விலகிக்கொள்ளலாம். வங்கி வேலைக்குச் சேரும்போது தரும் காகிதங்களில் அந்த விலகல் படிவமும் இருப்பது சகஜம்.

அதனால் உங்கள் அனலிஸ்டிடம் விதியைப் பற்றிக் கேட்காமல் விலக்கைப் பற்றிக் கேளுங்கள். "கடைசியாக எப்போது உங்கள் சனிக்கிழமை போனது? விலக்குக்கு யார் அனுமதி கொடுத்தார்?" பெரிய பதவியில் இருக்கும் ஒருவர் எழுத்தில் அனுமதித்தால்தான் சனிக்கிழமை வேலை என்றால், அந்த அனுமதி கேட்பதற்கே வைஸ் பிரசிடென்டுகள் தயங்குவார்கள், விதி நிற்கும். "அப்படி யாரையும் கேட்க வேண்டியதில்லை, டீல் என்றால் எல்லோரும் வருவோம்" என்று வந்தால் விதி காகிதத்தில் மட்டும்தான். சனிக்கிழமை அலுவலகத்துக்குப் போகக் கூடாது என்பது வேறு, வீட்டிலும் லேப்டாப்பைத் திறக்க வேண்டியதில்லை என்பது வேறு. அதையும் பிரித்துக் கேளுங்கள்.

மாலைநேரம்:

நான் ரிஸ்க் பிரிவில் இருக்கிறேன், இரண்டு குழந்தைகள். விடிவெள்ளி நிலையில் உள்ளவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. வீட்டில் பொறுப்பு இருக்கும் ஒருவர் அந்த டீமில் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். மகப்பேறு விடுப்பு முடிந்து வந்தவர், பெற்றோரைக் கவனித்துக்கொள்பவர், சிறு குழந்தையின் தகப்பன், யாராக இருந்தாலும் சரி. அப்படி ஒருவர் இருந்தால் அவரிடம், "திரும்பி வந்த பிறகு எந்த வேலை கையில் கொடுத்தார்கள்?" என்று கேளுங்கள். பலர் கவனிக்காதது இது. மாலையில் வீட்டுக்குப் போக விடுவார்கள், ஆனால் பெரிய வேலை எதுவும் அவரிடம் வராது. இரண்டு வருடம் கழித்துப் பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் இருக்காது. நேரம் கிடைப்பதும், நேரம் எடுத்துக்கொண்டவரை ஒதுக்காமல் இருப்பதும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

பேச்சின்போதும் கவனியுங்கள். தன் டீமின் இளையவர்களைப் பற்றி எப்படிப் பேசுகிறார், பெயர் சொல்கிறாரா, "பசங்க பார்த்துக்குவாங்க" என்று மொத்தமாகத் தள்ளுகிறாரா? கூப்பிட்ட நேரத்தை மூன்று முறை மாற்றினாரா, மாற்றும்போது முன்கூட்டியே சொன்னாரா, கடைசி நிமிடத்திலா?

லீவைப் பற்றித் தராசு சொன்னதில் ஓர் எச்சரிக்கை. பல வங்கிகளில் டிரேடிங், ஆபரேஷன்ஸ் போன்ற பிரிவுகளில் இருப்பவர்கள் வருடத்தில் ஒருமுறை தொடர்ந்து இரண்டு வாரம் கட்டாய லீவில் போக வேண்டும், அப்போது சிஸ்டத்தில் நுழையவும் அனுமதி இருக்காது. மோசடி இருந்தால் ஆள் இல்லாதபோது வெளியே வரும் என்பதற்கான கட்டுப்பாடு அது. "இரண்டு வாரம் போனைக்கூட எடுக்கவில்லை" என்று ஒரு டிரேடர் சொன்னால், அதை டீமின் பெருந்தன்மை என்று எழுதிக்கொள்ளாதீர்கள். கட்டாயம் இல்லாத லீவைப் பற்றிக் கேளுங்கள்.

நேர்வழி:

அழைப்பை மாற்றுவதை வைத்து முடிவு செய்வது மட்டும் வேண்டாம். நல்ல டீமில் இருப்பவருக்கும் டீல் முடியும் வாரத்தில் அப்படி நடக்கும். இரவு ஒரு மணிக்குப் பதில் மெசேஜ் வந்தால் உடனே பயப்படவும் வேண்டாம். குழந்தைகள் தூங்கிய பிறகு தன் சொந்த மெசேஜ்களைப் பார்ப்பவராக இருக்கலாம். மற்றபடி மாலைநேரம் சொன்ன பதவி உயர்வுப் பட்டியல் நல்ல அடையாளம், யாரையும் கேட்காமலே லிங்க்டுஇன்னில் பார்க்க முடியும்.

விடிவெள்ளி:

செவ்வாய்க்கிழமைக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன், பேச்சே மாறிவிட்டது! ஒரே வங்கியின் ஒரே பிரிவில் இரண்டு அனலிஸ்டுகள். ஒருவர் ஏழரைக்குக் கிளம்பிவிட்டதாகச் சொன்னார், அதை அதிசயமாகச் சொல்லவில்லை. இன்னொருவர் அதே செவ்வாய்க்கிழமை இரவு இரண்டு மணி வரை இருந்திருக்கிறார். பிட்ச்புக்தான், டீல் இல்லை. இருவரும் உண்மையைத்தான் சொன்னார்கள் என்று தோன்றுகிறது. இதில் எதை நம்புவது?

தராசு:

இரண்டையும் நம்புங்கள். இருவரும் யாருக்குக் கீழே வேலை செய்கிறார்கள் என்று கேட்டீர்களா? பெரும்பாலும் வேறு வேறு வைஸ் பிரசிடென்ட் இருப்பார்கள். ஓர் அனலிஸ்டின் வாழ்க்கையை நிறுவனத்தின் பெயரைவிட அவருக்கு மேலே இருக்கும் ஒன்றிரண்டு பேர்தான் தீர்மானிக்கிறார்கள். இனி உங்களுடைய கேள்வி, அந்தப் பிரிவில் சேர்ந்தால் யாரிடம் போவீர்கள், அதை முடிவு செய்வது யார், முதல் வருடத்துக்குப் பிறகு மாற முடியுமா என்பதுதான். ஏழரைக்குக் கிளம்பிய அனலிஸ்டையே திரும்பக் கூப்பிட்டு இதைக் கேட்கலாம், தப்பாக நினைக்க மாட்டார்.

ஆஃபர் வந்த பிறகு நிலைமை மாறும். அப்போது அவர்கள் உங்களைச் சம்மதிக்க வைக்க வேண்டிய இடத்தில் இருப்பார்கள். கையெழுத்துப் போடும் முன், டீமில் இரண்டு பேரிடம் பேச வேண்டும் என்று ஹெச்ஆரிடம் கேளுங்கள். யார் என்பதை நீங்களே சொல்லுங்கள், அவர்கள் தேர்ந்தெடுத்துக் கொடுப்பவர்கள் எப்போதும் திருப்தியானவர்களாகவே இருப்பார்கள். பிறகு, உங்களுக்கு மேலாளராக வரப்போகிறவரிடம் அம்மாவைப் பற்றி நேராகவே சொல்லிவிடுங்கள்: "வாரத்தில் இந்த இரண்டு மாலை ஏழு மணிக்கு நான் கிளம்ப வேண்டும், இரவு பத்துக்கு மேல் தேவைப்பட்டால் மறுபடி வேலையில் உட்கார முடியும். இந்த டீமில் இது நடக்குமா?" உங்கள் பக்கம் என்ன தர முடியும் என்பதும் அதிலேயே இருக்கட்டும். "நிச்சயம், பார்த்துக்கொள்ளலாம்" என்பதைப் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். "புதன்கிழமை எங்களுக்கு வாடிக்கையாளரோடு போன் பேச்சு இருக்கும், அதனால் செவ்வாயும் வியாழனும் என்றால் முடியும்" என்று யோசித்துச் சொல்பவர், ஏற்கெனவே உங்களுக்காகத் தன் வாரத்தைத் திட்டமிடத் தொடங்கிவிட்டார். பேசியதை அன்றே ஒரு மின்னஞ்சலில் நன்றியோடு எழுதி அனுப்பிவிடுங்கள். சில மாதம் கழித்து மேலாளர் மாறினால் காட்ட ஏதாவது இருக்க வேண்டும்.

கணக்குப்புலி:

ஒரு சின்ன விஷயம் விட்டுப்போயிற்று. எந்த மாதத்தில் பேசினீர்கள் என்பதையும் குறித்துவையுங்கள். ஆடிட்காரரிடம் ஆகஸ்டில் பேசினால் வாழ்க்கை அழகாக இருக்கும், பிப்ரவரியில் பேசினால் நாளையே விலகப்போகிறவர் மாதிரி இருப்பார். முடிந்தால் ஒரே ஆளிடம் இரண்டு பருவத்திலும் பேசுங்கள். நெருக்கடியான மாதம் என்றால் பத்து நிமிடம் போதும் என்று சொல்லியே கேளுங்கள்.

விடிவெள்ளி:

ஏழரை மணி அனலிஸ்டுக்கு மெசேஜ் அனுப்பிவிட்டேன், வியாழக்கிழமை பேசலாம் என்று சொல்லியிருக்கிறார். அதே பிரிவிலிருந்து விலகிய இரண்டு பேரையும் கடலோடி சொன்ன வழியில் கண்டுபிடித்தேன். அவர்களிடம் பேசிவிட்டு என்ன தெரிந்தது என்று பெயர் எதுவும் குறிப்பிடாமல் இங்கேயே எழுதுகிறேன்.